கத்தியின் முதுகில் ஒரு முள்

என் மடக்குக் கத்திக்குப் பதினெட்டு வயது. சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை. துபாயிலிருந்து வந்த அத்தை மகன் கொடுத்தது. பெரிய அலகு மாம்பழத்துக்கு. சித்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. கத்தரிக்கோல் நகத்துக்கும் நூல் பிசிருக்கும். மற்றவையெல்லாம் பிடிக்குள் மடங்கியே கிடந்தன. முக்கியமாக முதுகுப் பக்கம் இருந்த ஒரு முள். கூரான முனை, உடம்பில் ஓர் ஓட்டை. எதற்கென்று தெரியாமலேயே இத்தனை வருஷம் அதைக் காதுக்குள் விடாமல் இருந்தது நான் செய்த புண்ணியம்.

சித்தூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் தோள்பையின் வார் பிய்ந்துபோனது. மரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் போனேன். வாரின் பிசிரை அறுக்கக் கத்தியை எடுத்தபோது, முள் தானாக விரிந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது எங்க சாமான். உங்க கையில எதுக்கு?”

அந்த ஓட்டையில் நூலைக் கோத்தார். தோலில் குத்தி மறுபக்கம் எடுத்து, கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். நூல் வளையமாக நின்றது. இன்னொரு நூலை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கினார். பத்துத் தையல், பத்து நிமிஷம். என் சொந்தக் கத்தியை எனக்கு அறிமுகம் செய்துவைத்ததற்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்க வேண்டும். தையலுக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து இந்தச் சுவிஸ் கத்தியின் ஒவ்வொரு உறுப்பும் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் என்ற கத்திப் பட்டறைக்காரர் 1891இல் படைவீரர்களுக்குக் கொடுத்த கத்தியில் நான்கே உறுப்புகள்: அலகு, இந்த முள், தகர டப்பா திறப்பான், திருப்புளி. திருப்புளி எதற்கு? அப்போது படைக்கு வந்திருந்த புதுத் துப்பாக்கியைக் கழற்றி மாட்ட. வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு கத்திகள் செய்ய அங்கே வசதி இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்து வந்தது.

மதுப்புட்டியின் தக்கையைப் பிடுங்கும் சுருள் கம்பி 1897இல் அதிகாரிகள் கத்தியில் சேர்ந்தது. படை அதைக் கொடுக்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் தக்கை போட்ட புட்டிக்கு எங்கே போவது? ஆனால் வெல்ல மண்டியிலிருந்து வரும் மூட்டையின் சணல் முடிச்சு இறுகிவிட்டால், அந்தச் சுருளை முடிச்சுக்குள் திருகி நெம்பினால் போதும், பல்லுக்கு வேலையில்லை. 1991இல் வந்த கொக்கியும் அப்படித்தான். சணல் கட்டிய பொட்டலத்தை அதில் மாட்டித் தூக்கினால் விரல் அறுபடாது. டப்பா திறப்பானின் சின்ன முனை நட்சத்திரத் தலைத் திருகாணியில் உட்காரும். மூடி திறப்பானின் அடியில் இருக்கும் வெட்டு, ஒயரின் மேலுறையை உரிக்க. இவற்றைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினெட்டு வருஷம்!

சுவிஸ்காரர்தான் ஆதி என்றும் சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது; கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூர்முனை எல்லாம் ஒரே பிடியில். சரி, நம் பக்கம்? பேனாக்கத்தி என்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? பேனா என்பது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் இறகு. இறகின் அடியைச் சீவி எழுதிய காலத்தில், சீவ வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகு போய்விட்டது, சொல் மட்டும் சட்டைப்பையில் இருக்கிறது. கத்தியால் சீவிய எழுதுகோலை இன்றைக்கும் பார்க்க வேண்டுமானால் திருப்பதிக்குப் பக்கத்தில் காளஹஸ்திக்குப் போங்கள். கலம்காரி வரைகிறவர்கள் மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, மேலே துணியோ கம்பளியோ சுற்றி, சாயத்தில் தோய்த்து வரைகிறார்கள்.

இதையெல்லாம் திருப்பதியில் மாமாவிடம் ஒப்பித்தேன். மலைக்குப் போகிற வழியில் பையைச் சோதிப்பார்கள் என்று கத்தியைச் சித்தூரிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

“ஏண்டா, சுவிஸ்காரன் கத்தியப் பத்தி இவ்ளோ பேசறியே, உன் கொள்ளுத்தாத்தா கத்தியப் பாத்திருக்கியா?” என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

கொள்ளுத்தாத்தா கர்ணம், கிராமக் கணக்கு அவர் கையில். (1984இல் ஆந்திர அரசு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது.) அவருக்கும் முன்னோர் வழியில் வந்த பொருளாம். ஒரு விரல் நீளத்தில் மாட்டுக்கொம்புப் பிடி. ஒரு பக்கம் மடங்கிய சிறு அலகு, மறுபக்கம் மடங்கிய ஊசி. என் கத்தியின் முள்ளேதான், ஓட்டை மட்டும் இல்லை.

மடக்கெழுத்தாணி! உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது இதையும் சொல்கிறார். குண்டெழுத்தாணிக்குத் தலையில் கனத்த கொண்டை. வாரெழுத்தாணிக்குக் கொண்டையின் இடத்தில் கத்தி, ஓலையை வாரவும் நறுக்கவும். மடக்கெழுத்தாணியை மடக்கிக் கையோடு கொண்டுபோகலாம். ஆக, கணக்கு எழுதப் போகிறவர் இடுப்பில் செருகிக்கொண்டது இறகு சீவும் கத்தி அல்ல. எழுதுகோலும் கத்தியும் சேர்ந்த ஒன்று. உண்மையில் பேனாக்கத்தி என்ற பெயருக்கு இதுதான் முழுத் தகுதி உடையது என்பேன்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுவடியைக் கட்டும் கயிறு துளையில் உருவி வந்துவிடாமல், அதன் தலைப்பில் ஓலையைக் கிளியின் மூக்குப் போல நறுக்கிக் கட்டுவார்களாம்; அதற்குப் பெயரும் கிளிமூக்கு. எங்கள் சித்தூரில் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போகும் மாங்காய்க்கும் அதே பெயர்.

மாமா அந்த ஊசியால் இப்போது மருந்துப் புட்டியின் மூடிக்கு அடியில் உள்ள தாளைக் குத்துகிறார். அலகு துருவேறி, திறக்கும்போது முனகுகிறது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் கொம்புப் பிடியோ தந்தப் பிடியோ போட்டு இப்படி ஒன்று கிடக்கலாம். உடைந்த கத்தி என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் விரித்துப் பாருங்கள்.