இருக்கும் என்பதும் இருக்கிறது என்பதும்

காட்பாடியில் எங்கள் மஹல்லாப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் கணினி கற்பித்து வருகிறோம். அவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் பல, 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, மூத்தவர்களிடமிருந்து கைமாறியவை. சிலவற்றில் விண்டோஸ், சிலவற்றில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். எனவே ஒவ்வொரு பாடத்துக்கு முன்பும் ஒரு கேள்வி எழுகிறது: நாம் சொல்லவிருக்கும் கட்டளைக் கருவி இயங்குதளத்தோடு வருவதா, பிறகு நிறுவ வேண்டியதா?

இணையத்திலிருந்து தொழுகை நேர அட்டவணையைப் பெற்றுத் தரும் சிறு நிரல் எழுதுவது ஒரு பாடம். அதற்கு கர்ல் என்ற கருவி போதும். விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டின் 1803 பதிப்பு முதல் அது உடன் வருகிறது. விண்டோஸ் 7-இல் இல்லை. டெபியனிலோ வெகெட் என்ற கருவி வழக்கமான நிறுவலில் இடம்பெறும்; கர்ல் விருப்பத் தொகுப்பு மட்டுமே. உடன் வந்தது என்றும் நிலைப்பதில்லை: ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்தின் 12.3 பதிப்பில், 2022-இல், பைத்தான் 2-ஐ நீக்கிவிட்டது.

கேட்டறியும் வழி எளிது. லினக்ஸ் முனையத்தில் ‘கமாண்ட்’ என எழுதி, ‘-வி’ சேர்த்து, கருவியின் பெயரைத் தந்தால், இருக்குமாயின் இருப்பிடத்தைச் சொல்லும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘வேர்’ அதே பணியைச் செய்யும். ஆனால் பவர்ஷெல் 5.1-இல் கர்ல் என்பது வேறொரு கட்டளைக்கு இட்ட மாற்றுப்பெயர். அழைத்தால் குரல் வரும், வருபவர் வேறு! பெயரை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் கணினியில் இருப்பதும் சான்றாகாது. என்றோ நாமே நிறுவியிருக்கலாம். எதையும் சேர்க்காமல் புதிதாக நிறுவிய கணினியில் பார்த்தால்தான் விடை உறுதியாகும்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்கலாம். கருவி இல்லையென்றால் அதைத் தரவிறக்க இணையம் வேண்டும். பல வீடுகளில் அந்த இணையம் தந்தையின் கைபேசியில் இருக்கிறது. அவரோ தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து இரவில்தான் திரும்புவார். “அது இருக்கும்” என்ற நம் ஒரு சொல்லால், ஒரு பிள்ளையின் ஒரு நாள் வீணாகும். தனக்குக் கணினி வராது என்றும் அப்பிள்ளை எண்ணிவிடக்கூடும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலைப் பிரித்து, கையால் தடவிப் பார்த்தே தரம் சொல்வார்கள். செய்தியைத் தீர விசாரித்தலை, தபய்யுனை, நம் மார்க்கம் கடமையாக்கியிருக்கிறது. பெரிய வதந்திகளுக்கு மட்டும் உரியதன்று அது. கற்பிப்பவரின் சொல் கற்பவரிடம் ஒப்படைக்கப்படும் அமானத். ஆகையால் எங்கள் பாடங்களின் தலைப்பில், எந்தப் பதிப்பில் சரிபார்த்தோம் என்பதை எழுதிவிடுகிறோம். சரிபார்க்காதவற்றின் எதிரே அதையும் எழுதுகிறோம்.