எண்கள் சொல்வதும் சொல்லாததும்

முதியோர் துன்புறுத்தல் என்றதும் அடி உதைதான் பலரின் நினைவுக்கு வருகிறது. ஆனால், வேளைக்கு உணவும் மருந்தும் தராமல் விடுவது, ஓய்வூதியப் பணத்தைப் பறித்துக்கொள்வது, சுடுசொல்லால் நோகடிப்பது ஆகியவையும் துன்புறுத்தலே. இவற்றுக்கு ஆளாகும் முதியோருள் பெரும்பாலோர் புகார் செய்வதில்லை. ஆகவே, இக்கொடுமையின் அளவை அறிய ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 60 வயதை எட்டியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என அது கணக்கிட்டது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு 9 விழுக்காடு என்றது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கோல பிலா வட்டாரத்தில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டதோ 4.5 விழுக்காடுதான். அப்படியானால், கிராமத்து முதியோர் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று முடிவு செய்துவிடலாமா?

அவசரப்படக் கூடாது. முதலில், எதைத் துன்புறுத்தல் என்று வரையறுத்தார்கள் எனப் பார்க்க வேண்டும். வரையறை விரிந்தால் எண் கூடும், சுருங்கினால் குறையும்.

அடுத்து, யாரைக் கேட்டார்கள் என்பதும் முக்கியம். பராமரிப்பு இல்லங்களைப் பற்றிய பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், பணியாளர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் முதியோரைத் துன்புறுத்தியதை ஒப்புக்கொண்டனர். இதை, 'மூன்று முதியோரில் இருவர் பாதிக்கப்பட்டனர்' என்று எழுதினால் பிழையாகும்.

மூன்றாவதாக, யார் விடுபட்டார்கள்? மறதிநோய் முற்றியவர்களால் கேள்விகளுக்குப் பதில் கூற இயலாது. அதனால், பல ஆய்வுகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. ஆனால், எல்லாவற்றுக்கும் பிறரை நம்பி வாழும் அவர்களுக்கே ஆபத்து அதிகம்.

நான்காவதாக, எந்தச் சூழலில் கேட்டார்கள்? மகன் அருகில் அமர்ந்திருக்கும்போது, "வீட்டில் உங்களைத் திட்டுகிறார்களா, அம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றும் இல்லை, என் பிள்ளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான்" என்றே தாய் சொல்வார். குடும்ப மானம் அவரைப் பேசவிடாது. அவருடைய பதிலோ 'துன்புறுத்தல் இல்லை' என்று பதிவாகிவிடும். அதனால்தான் நல்ல ஆய்வாளர் முதியவரைத் தனியே சந்தித்துப் பேசுகிறார்.

இக்குறைகளைக் காட்டி ஆய்வுகளை ஒதுக்கிவிடவும் கூடாது. மலேசியத் தேசிய ஆய்வில் அதிகமாக வெளிப்பட்டது அடி உதை அன்று, புறக்கணிப்பே. ஒருவரையும் கைநீட்டி அடிக்காத வீட்டிலும் முதியவர் ஒருவர் பசியோடு படுத்திருக்கலாம் என்பதை அந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது. அடுத்த முறை செய்தித்தாளில் இத்தகைய எண் ஒன்றைக் காணும்போது, அதில் இடம்பெறாத முதியவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.