குசினிக்கு வெளியே ஓர் அம்மி

கோழித் தீவனத்தில் மூலிகை சேர்ப்பது பற்றி நான் விசாரித்துக்கொண்டிருப்பது தெரிந்த நண்பர் ஒருவர், "புத்தகமெல்லாம் அப்புறம் படிக்கலாம். முதலில் எங்கள் மாமியின் தோட்டத்துக்கு வாருங்கள்" என்று அழைத்தார். கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமுக்குப் பக்கத்தில் ஓர் அலாட்மெண்ட். காய்கறி பயிரிட நகராட்சி வாடகைக்கு விடும் சிறு சிறு நிலத் துண்டுகள் அவை. ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தோம்.

மாமிக்கு எழுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். ரப்பர் பூட்ஸ் போட்ட காலைச் சுற்றி ஐந்து பெட்டைக் கோழிகள். சேவல் இல்லை. 1950ஆம் ஆண்டின் அலாட்மெண்ட் சட்டம் இந்தத் துண்டு நிலங்களில் கோழியும் முயலும் வளர்க்க உரிமை தந்தது. ஆனால் சேவல் கூடாது, வியாபாரமும் கூடாது. முட்டைகள் பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் போகின்றன.

மரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஓர் அம்மி. மேலே கயிற்றில் சரம் சரமாகப் பூண்டு. போன அக்டோபரில் ஊன்றி இந்த ஜூலையில் பிடுங்கியது.

"வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவந்தால் என்ன, மாமி?"

"ஐயோ தம்பி, குசினிக்குள்ள போன ஒண்டையும் இஞ்ச கோழிக்குக் குடுக்கேலாது. சட்டம். அதுதான் அம்மியை இஞ்ச வச்சிருக்கிறன்."

உண்மைதான். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிலிருந்து அது தொடங்கியதாகக் கண்டறிந்தார்கள். அதிலிருந்து சட்டம் இறுகிவிட்டது. பால், முட்டைகூடப் புழங்காத வீடாக இருந்தாலொழிய, சமையலறைக்குள் போன காய்கறித் தோலைக்கூடக் கோழிக்குப் போட முடியாது. தோட்டத்தில் விளைந்து தோட்டத்திலேயே நசுக்கினால் தடையில்லை.

மாமி நாலு பல் பூண்டை உரித்து அம்மியில் வைத்தார். ஊரில் அதற்கு உள்ளி என்று பெயர். குழவியின் ஒரு முனையைத் தூக்கிச் சொத்தென்று ஒரே தட்டு, பிறகு ஒரு திருப்பு. கொட்டகை முழுக்கக் காரநெடி பரவியது. நான் குழவியை வாங்கி அரைக்கப் போனேன். "அரைக்க வேண்டாம் தம்பி, நசிச்சாக் காணும். நசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கோ. மணம் ஏறோணும்."

இதற்கு வேதியியல் காரணம் உண்டு. முழுப் பூண்டுப் பல்லில் அல்லிசின் கிடையாது. அல்லீன் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் பல்லுக்குள் தனித்தனியே இருக்கின்றன. நசுங்கினால்தான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் பிறக்கும். நாம் முகரும் நெடிக்கும், பாக்டீரியாவை எதிர்க்கும் குணத்துக்கும் அதுதான் மூலம்.

அந்த அம்மியின் அடிக்கல் லண்டன் நடைபாதைப் பலகைக்கல். குழவி மட்டும் வடமராட்சியிலிருந்து வந்தது. 2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 சாலை திறந்தபோது, பன்னிரண்டு வருடம் கழித்து மாமி ஊருக்குப் போனார். வீட்டுக்குக் கூரையில்லை. முற்றத்தில் அம்மி இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேலியடியில் குழவி முழுசாக இருந்தது. "அம்மாட கை பட்ட கல். விட்டிட்டு வர மனமில்லை." சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுவந்தார். அதே குழவியால்தான் அவருடைய அம்மா கோழிக்கு உள்ளியும் மஞ்சளும் மிளகும் நசுக்கிக் கொடுத்தார்.

கொட்டகைக்கு வெளியே ஓரிகானோவும் தைமும் புதராக நிற்கின்றன. "இங்கத்தைக் கற்பூரவள்ளி" என்று ஓரிகானோ இலையைக் கசக்கி நீட்டினார். மூக்கு தவறு செய்யவில்லை. கற்பூரவள்ளி, ஓரிகானோ இரண்டிலும் கார்வக்ரால் இருக்கிறது. தைமிலும் நம் ஓமத்திலும் தைமால். பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் இவை. உலகெங்கும் தீவன நிறுவனங்கள் மூலிகைச் சேர்க்கை என்று விற்கும் பைகளில் முக்கியமானவையும் இவையே. இலையில் எவ்வளவு எண்ணெய் என்பது ரகத்தையும் பருவத்தையும் காயவைத்த விதத்தையும் பொறுத்து மாறும். அதனால் பண்ணைக்குப் பண்ணை பலனும் மாறுகிறது.

மூலிகையின் எல்லையும் மாமிக்குத் தெரியும். "கோழி தூங்கி விழுந்தா உள்ளி காப்பாத்தாது. மிருக வைத்தியருக்கு உடன சொல்லோணும்." கோழியை அப்படித் தூங்கி விழவைக்கும் கொள்ளைநோய் ஒன்றை நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். 1926இல் நியூகாசிலிலும் அடுத்த ஆண்டு ராணிக்கேட்டிலும் கண்டறியப்பட்டதால், பிரிட்டனில் ஓர் ஊரின் பெயரும் இந்தியாவில் இன்னோர் ஊரின் பெயரும் அதற்கு நிலைத்தன. அதற்குத் தடுப்பூசிதான் காப்பு.

அப்படியானால் இந்த நசுக்கிய உள்ளி எதற்கு? பெரும்பண்ணைகள் தினமும் தீவனத்தில் கலந்த ஆண்டிபயாடிக்கின் இடத்துக்கு. 1928இல் பென்சிலினைக் கண்டதும் இதே லண்டனில், பேடிங்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில்தான். 1953இல் பிரிட்டன் ஆண்டிபயாடிக்கைக் கோழி, பன்றித் தீவனத்தில் அனுமதித்தது. நோய்க்காக அல்ல, சீக்கிரம் எடை ஏற. மனிதருக்கு மருந்தாகும் ஆண்டிபயாடிக்கை எடை கூட்டத் தரக்கூடாது என்று 1969இலேயே பிரிட்டிஷ் அரசு அமைத்த ஸ்வான் குழு எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் அந்த வழக்கத்தைத் தடைசெய்ய 2006 ஜனவரி 1 வரை ஆயிற்று. மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின், இந்தியக் கோழிகளுக்கு எடை கூட்டத் தரப்படுவதை 2018இல் லண்டனைச் சேர்ந்த புலனாய்வுச் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 2019 ஜூலையில் இந்தியா அதைத் தடைசெய்தது.

இங்கேதான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தமிழ்நாட்டில் பல்லடம் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்க்கும் விவசாயியை எண்ணிப் பாருங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, மின்சாரம், உழைப்பு மட்டும் அவருடையவை. கோழி எடை ஏறினால் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக்கூலி. மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று அவரை யாரும் கேட்பதுமில்லை, அவருக்கு யாரும் சொல்வதுமில்லை. கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனம்தான். அந்தத் தீவனத்தின் மேல்தான் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. நேற்றுவரை ஆண்டிபயாடிக் கலந்த அதே கை நாளை ஓமத்தையும் மஞ்சளையும் கலந்து, கூடுதல் விலை ஒட்டி விற்கும். அதில் ஓமம் விளைவித்தவருக்கும் பங்கு வராது, கோழி வளர்த்தவருக்கும் வராது. இடையில் நிற்பவரே எடுத்துக்கொள்வார். நம் பாட்டிமார் அம்மியில் வைத்திருந்த அறிவை நமக்கே மூட்டை கட்டி விற்க யாருக்கும் உரிமையில்லை.

நாங்கள் கிளம்பும்போது மாமி நசுக்கிய உள்ளியைக் கோழிகளின் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தார். "கனக்கப் போட்டா முட்டையும் மணக்கும், கோழிக்கும் கூடாது" என்று பாதியை எடுத்து வைத்தார். அந்த வாளியில் என்ன, எவ்வளவு, எதற்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பல்லடத்து விவசாயிக்கும் அது தெரிந்தாக வேண்டும். மூட்டையின்மேல் தமிழில் அச்சடித்துத் தரவேண்டும்.