மங்கு காட்டிய இடம்

ஊர் சுற்றப் புறப்படும் முதல் நாளில் குடும்பத்தில் இருக்கும் ஒற்றுமை, வீடு திரும்பும் கடைசி நாளில் இருப்பதில்லை. கையில் உள்ள நேரம் குறைந்துவிடும். பார்க்காமல் விட்ட இடங்களோ பெருகிவிடும். பிள்ளை குட்டிகளோடு காரில் பயணம் போன நேயர்களுக்கு இது புரியும்.

கடந்த பள்ளி விடுமுறையில் நாங்கள் கிள்ளானிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு, தைப்பிங் என்று நான்கு நாள் சுற்றினோம். நான், என் கணவர், பிள்ளைகள் இருவர், 78 வயதான என் அம்மா. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளி என்பதால் இரவுக்குள் வீடு சேர்ந்தாக வேண்டும். பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். மூன்று நாளாக எதுவும் கேட்காமல் வந்த அம்மா, தைப்பிங்கில் பசியாறும்போது மெல்லச் சொன்னார்:

"சுங்கை சிப்புட் வழியாகத்தானே போகிறோம்? நான் பிறந்த தோட்டத்தை ஓர் எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமா?"

இரண்டுக்கும் நேரம் போதாது. பிள்ளைகளின் முகம் சுருங்கியது. என் கணவர்தான் வழக்கைத் தீர்த்து வைத்தார். "மாளிகை எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த விடுமுறையிலும் அங்கேயேதான் இருக்கும். பாட்டியோடு தோட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு அப்படியா?" அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வழியில் கோலகங்சாரில் இறங்கினோம். மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலியிட்டுக் காத்து வரும் ஒரு முதிய பால்மரம் இருக்கிறது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையின் மிச்சம்தான் இந்த மரம்.

மூத்தவன் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, அம்மா மரத்தின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறும் கையால் காற்றில் கோடு இழுத்து, பேரனுக்குப் பால் வெட்டக் காட்டிக் கொடுத்தார். "ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போவோம்." பல நூறு மரங்கள் கொண்ட நிரையில் நாள்தோறும் நடந்த கை அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கோணம் தப்பவில்லை.

சுங்கை சிப்புட் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1948 ஜூன் 16ஆம் நாள் இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. அப்போது அம்மா கைக்குழந்தை. வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக விடாமல் வாயிலில் சோதிப்பார்கள் என்று அவருடைய தாயார் சொல்லக் கேட்டிருக்கிறார். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், பாட்டாளிகளின் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர்.

தோட்டத்துக்குத் திரும்பும் மண் சாலையைக் கண்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் உள்ளே ஒரு பால்மரம்கூட இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. லயம் இருந்த இடம் புல்காடு. ஆயாக் கொட்டகை இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மிஞ்சியிருந்தது மாரியம்மன் கோயில் மட்டுமே. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எங்களை வரவேற்று, அம்மாவின் குடும்பத்தை விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல நேரத்தில் வந்தீர்கள், அக்கா. நிலம் கைமாறிவிட்டது, வீடு கட்டப் போகிறார்களாம். சுடுகாட்டையும் எடுக்கிறார்கள். உரியவர்கள் வந்து குழியைக் காட்டிப் பதிந்தால், எலும்புகளை எடுத்துப் பட்டணத்து இடுகாட்டில் அடக்கம் செய்து தருவார்கள். இந்த மாதக் கடைசிதான் கெடு."

"ஆள் வராத குழிகளை என்ன செய்வார்கள், தம்பி?" என்று அம்மா கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, 1963இல் அங்கே அடக்கமானவர். கல்லறை எழுப்ப வசதியில்லை. தலைமாட்டில் கொஞ்சம் சிமெண்ட் பூசி, அது காயும் முன் அவருடைய நிரையிலிருந்து ஒரு பீங்கான் மங்கைக் கொண்டுவந்து என் மாமா கவிழ்த்துப் பதித்தாராம். அந்த மங்குதான் அடையாளம்.

இடுப்பளவு புல்லுக்குள் அம்மா இறங்கினார். ஓடையின் வளைவைப் பார்த்தார், கோயிலைத் திரும்பிப் பார்த்தார், வலப்புறம் நகர்ந்தார். அரை மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. மாளிகை பார்க்கப் போகவில்லையே என்று காலையில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த இளையவள்தான், "பாட்டி! இங்கே வெள்ளையாக ஏதோ இருக்கிறது!" என்று கத்தினாள். விளிம்பு உடைந்த மங்கு. அம்மா குனிந்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தார். அழவில்லை. "அப்பா, எல்லாரும் வந்திருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார்.

பெயரைப் பதியும்போது பெரியவர் உறவுக்குச் சான்று கேட்டார். அம்மா தம் அடையாள அட்டையை நீட்டினார். அதில் 'அனாக் பெரம்புவான்' என்ற சொற்களுக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் இருந்தது. தங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் இன்னதென்று என் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள். நோட்டில் அதைத் தமிழில் எழுதியவன் என் மகன்.

அத்தோடு அம்மா கிளம்பவில்லை. "இன்னும் எழுது, ஐயா" என்றார். பக்கத்துக் குழி யாருடையது, ஓடையோரம் கிடப்பவர் யார், பிரசவத்தில் இறந்த பெண் எந்த லயத்துக்காரி என்று நினைவுக்கு எட்டிய ஒன்பது பெயர்களைச் சொன்னார். மகன் எழுதிக்கொண்டே போனான். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்களோ!

ஈப்போ வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறினோம். காரில் என் கணவர் கெல்லி மாளிகையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்துக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, வேலை பாதியிலேயே நின்றது. ஒருவரும் குடியிருந்து முடிக்காத அந்த வீட்டைப் பார்க்க இன்று நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். மூன்று தலைமுறை குடியிருந்த லயத்துக்கோ ஓர் அடையாளக் கல்கூட இல்லை. அதன் வரலாறு முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது உங்கள் தோட்டமாகவும் இருக்கலாம். அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல், இன்று இரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் எங்கே அடக்கம்? கேட்டதைப் பிள்ளைகள் கையால் எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு முறை அவர்களையே அங்கே அழைத்துப் போங்கள். புல்லுக்குள் இருக்கும் மங்கைக் காட்ட அவர்களால்தான் முடியும்.