கரும்பும் நாணலும்

நெல்லிக்குப்பத்தில் நம் நண்பர் ஒருவரின் திருமணப் பேச்சு எழுந்த நேரம். மணமகள் வேறு சாதி. ஊர்ப் பெரியவர் நம்மைத் திண்ணையில் அமர்த்தி, கெடிலக் கரைப் பக்கம் கை நீட்டிக் கேட்டார்: "தம்பி, கரும்போடு நாணல் சேருமா? இயற்கையே இனம் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் யார் கூட்டி வைக்க?"

விடை தெரியாமல் தலைகுனிந்து திரும்பினோம். அந்த வெட்கந்தான் நம்மை நூலகத்துக்குத் துரத்திற்று.

தோழர்களே! இனம் என்றால் என்ன? தமக்குள் கூடி வளமான வழித்தோன்றலை ஈனும் உயிர்க்கூட்டம். பிற கூட்டத்தோடு அவ்வாறு கலவாதது. 1942இல் எர்ன்ஸ்ட் மயர் தந்த விளக்கத்தின் சாரம் இது. கடலோ மலையோ ஒரு கூட்டத்தை இரண்டாக்கும். மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாய்க் குவியும். பின்னர்ச் சந்தித்தாலும் கலக்க இயலாத நிலை வரும். அன்று பிறக்கிறது புதிய இனம்.

செடிகொடிகளிலோ இந்த வேலி பல இடங்களில் தாழ்ந்தே நிற்கிறது. சான்று கோவையில் இருக்கிறது. 1912இல் அங்கே தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தனர். பிறந்தது 'கோ 205'. 1918இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. கரும்பின் குரோமோசோம்கள் 80. அந்த நாணலுக்கு 64. பிள்ளைக்கோ தாயின் 80 முழுவதும், தந்தையின் பாதி 32ம் சேர்ந்து 112! தாய் தந்தது இனிப்பு. தந்தை தந்தது உரம்.

சேராது என்றாரே, சேர்ந்தது! அதுவும் இரு வேறு இனங்கள். மனிதரோ ஒரே இனம். எச்சாதி ஆணும் எச்சாதிப் பெண்ணும் மணந்தால் மழலை பிறக்கிறது. அம்மழலை வளர்ந்து தானும் பெற்றோராகிறது. இயற்கை போட்ட வேலி எங்கே?

மீண்டும் திண்ணைக்குச் சென்றோம். "ஐயா, கலக்க முடியாதவற்றுக்குக் காவல் எதற்கு? காக்கைக்கும் குயிலுக்கும் மணம் கூடாதென்று எந்த ஊரிலாவது பஞ்சாயத்து கூடியதுண்டா? நீங்கள் தடுக்கிறீர்கள் என்பதே, இயற்கை தடுக்கவில்லை என்பதற்குச் சான்று" என்றோம்.

பெரியவர் பேசவில்லை. மணவிழாவுக்கும் வரவில்லை. ஆனால், அன்று அவர் வயலிலிருந்து ஆலைக்குப் போன வண்டிகள் பந்தலைக் கடந்துதான் சென்றன. இன்று ஆலைக்குப் பயிராகும் கரும்பு வகைகளில் ஏறத்தாழ அனைத்தும் நாணலின் உறவுதான். அவர் வெறுத்த கலப்பு, அவர் வயலிலேயே இனித்துக்கொண்டிருந்தது.