காதர்பேட்டையில் ஒரு மாலை

நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூருக்குச் செல்பவர்கள் காதர்பேட்டைக்குள் ஒரு முறையேனும் நுழையாமல் திரும்ப மனங்கொள்ளார். ரயில் நிலையத்தை விட்டிறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். பனியன்களும் சட்டைகளும் குவியல் குவியலாய்க் கிடக்கின்றன. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமென்று தைக்கப்பெற்று, சிறு குறையினாலோ எண்ணிக்கை மிகுந்தமையாலோ கப்பலேறாமல் நின்றுவிட்ட துணிகள் இவற்றில் அநேகம். ஒன்றில் தையல் கோணியிருக்கும். மற்றொன்றில் சாயம் சிறிதே மாறியிருக்கும். அதனாலேயே விலை சரிந்துவிடுகிறது.

மலிவு என்பது விந்தையானதொரு மயக்கம். பணம் மிச்சமாவதைவிட, பிறர் கண்ணிற்படாத பொருளை நாம் கண்டெடுத்தோம் என்ற இன்பமே அதில் பெரிது. மகளுக்கு ஒரு சட்டை வாங்கச் சென்ற நான் ஐந்தை அள்ளிக்கொண்டு, இன்னும் பத்து ரூபாய் குறைக்கும்படி கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

"வணக்கமுங்க சார்!" என்றது ஒரு குரல். என் பழைய மாணவி. கணக்கில் கெட்டிக்காரி, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இப்போது பனியன் கம்பெனியில் தையல் வேலையாம். என் கையிலிருந்த சட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல ஒரு தையல் விட்டுப்போச்சுங்க சார், அவ்வளவுதான். வீட்டுலயே தைச்சுக்கலாம்."

அதன்பின் எனக்கு வாதாட நாவெழவில்லை. நான்கைத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றைச் சொன்ன விலைக்கே வாங்கினேன்.

மலிவு தேடுவது குற்றமன்று. குவியலில் கைவிடும்போது, அதைத் தைத்த கை ஒன்று உண்டென்பது நினைவிலிருந்தால் நன்று.