கரண்ட் போகிற ஊரில் ஒரு லெப்டொப்

பழைய லெப்டொப் ஒன்று பார்த்துத் தரச் சொல்லி என்னைப் பதுளை டவுனுக்குக் கூட்டிப் போகிறவர்கள், ரெம் எவ்வளவு, ஹார்ட் எவ்வளவு என்றுதான் கடையில் கேட்பார்கள். நான் முதலில் மெஷினைத் தூக்கி அதன் விலாவைப் பார்ப்பேன். யூஎஸ்பி போர்ட் ஒன்றின் பக்கத்தில் சின்னதாக மின்னல் குறியோ பெட்டரிக் குறியோ போட்டிருக்கிறதா? பழைய திங்க்பேட் என்றால் அந்தப் போர்ட்டின் உள்நாக்கு மஞ்சளாக இருக்கும். அப்படி ஒன்று இருந்தால், லெப்டொப்பை ஓஃப் பண்ணி மூடி வைத்த பிறகும் அதிலிருந்து ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றலாம். சில மெஷின்களில் இதற்கு பயோஸுக்குள் போய் ஒரு தடவை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரருக்கே இது பெரும்பாலும் தெரியாது. அதனால் விலையிலும் ஏறாது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில்தான் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அந்தப் போர்ட்டுக்கு மதிப்பு வந்தது. கணக்கு எளிது. ஓரளவு நல்ல லெப்டொப் பெட்டரி 45 வாட் மணி பிடிக்கும். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்ட ஃபோன் பெட்டரி கிட்டத்தட்ட 19 வாட் மணி. வழியில் சூடாகி வீணாவதைக் கழித்தாலும் ஃபோனை ஒன்றரைத் தடவை நிரப்பலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஃபோன் இருந்து, அதிலேதான் பிள்ளையின் வகுப்பும் கொழும்பில் வேலை செய்கிற மகளின் குரலும் வர வேண்டும் என்றால், இது சின்ன விசயமில்லை.

லெப்டொப்பை வடிவமைக்கிறவர்கள் கரண்ட் போகாத, டேட்டா தீராத ஊர்களில் இருக்கிறார்கள் போல. சிக்கனத்துக்கான வசதிகள் எல்லாவற்றையும் மெனுவின் கடைக்கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நமுனுகுலை மலைச் சரிவில் அந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. புது மெஷின் ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் கடைக்கோடியிலிருந்துதான் தொடங்குவேன்.

"அண்ணே, பெட்டரி செத்துப்போச்சு, புதுசு ஒன்னு போடணும்" என்று வருகிறவர்களிடம் உடனே தலையாட்டினால் எனக்கு லாபம். ஆனால் விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் பெட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், மெஷின் தன் பெட்டரியின் சாதகத்தையே எழுதிக் கொடுத்துவிடும். பிறந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள் இருக்கும். 48,000 மில்லி வாட் மணியில் பிறந்தது இன்று 30,000 பிடித்தால் அதற்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஓடும். அது திடீரென்று நின்றுவிடுவதுதான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. 12 வீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும், எழுதிக்கொண்டிருந்த அசைன்மென்ட்டும் போய்விடும்.

அதற்குத்தான் ஹைபர்னேட். ஸ்லீப்பில் போட்டால் மெமரியை உயிரோடு வைத்திருக்க பெட்டரி கசிந்துகொண்டே இருக்கும். ஹைபர்னேட் திறந்திருக்கிற எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். மறுநாள் போட்டால் விட்ட வரியிலேயே வந்து நிற்கும். இவ்வளவு நல்ல வசதியை விண்டோஸ் 8 இலிருந்து பவர் மெனுவில் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டன்கள் பற்றிய பக்கத்துக்குப் போய் டிக் போட்டு வெளியே எடுக்க வேண்டும். பெட்டரி அடிமட்டத்துக்குப் போனால் தானாக ஹைபர்னேட் ஆகும்படி விட்டு, அந்த அடிமட்டத்தையும் 15 வீதத்துக்கு உயர்த்திவிடுவேன். வயதான பெட்டரி சொல்லுகிற கடைசி எண்களை நான் நம்புவதில்லை.

பெட்டரியை 80 வீதத்தோடு நிறுத்துகிற வசதி லெனோவோ, ஆசுஸ், டெல் மெஷின்கள் பலவற்றில் உண்டு. பெட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடி இறங்குகிற நாட்களில் அதை எடுத்துவிடச் சொல்வேன். மின்னல் தொடங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடத்தான் வேண்டும். அந்த நேரம் கையில் 100 இருக்கட்டும். கரண்ட் ஒழுங்காக இருக்கிற மாதங்களில் மறுபடி 80க்குப் போகலாம்.

அடுத்தது டேட்டா. 2021 இல் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் ஏறிச் சிக்னல் பிடித்துப் படித்தது உலகச் செய்தியானது. அப்படி ஏறிப் பிடித்த டேட்டாவை விண்டோஸ் அப்டேட் குடித்துவிட்டுப் போவதை என்னவென்று சொல்வது? ஃபோனின் ஹொட்ஸ்பொட்டை லெப்டொப் சாதாரண வைஃபை என்றே நினைத்துக்கொள்கிறது. கணக்கில்லாமல் வருகிற இணையம்தானே என்று பின்னால் இருந்துகொண்டு இழுக்கும். வைஃபை அமைப்பில் அந்த ஹொட்ஸ்பொட்டின் பெயரைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதைப் போட்டுவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். வன்ட்ரைவும் அடங்கும். ரீலோட் போட்ட காசு பாடத்துக்குப் போகும். ஆனால் அதோடு மறந்துவிடக் கூடாது. டவுனில் நல்ல வைஃபை கிடைக்கிற இடத்தில் இடைக்கிடை அப்டேட்டை இறக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே கிடக்கும்.

லயத்து அறையில் எல்லோரும் படுத்த பிறகு லைட் போட்டுப் படிக்க முடியாது. விடிந்தால் மலைக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டும். திங்க்பேட்டில் எஃப்என் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் விசைகளுக்கு அடியில் வெளிச்சம் வரும், எல்லா மொடலிலும் அல்ல. அதே திங்க்பேட்டுகள் பலவற்றில் கீபோர்ட்டில் விழுகிற தண்ணி அடிப்பக்கத்துத் துளைகளால் வடிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளேன்டீ பரவாயில்லை. சீனியும் பாலும் போட்டதென்றால் துளை இருந்தாலும் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

தமிழில் அடிப்பதற்கு எங்கிருந்தாவது பாமினி எழுத்துரு போட்டுத் தரச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு மெஷினில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10க்குள்ளேயே ஒலிப்படி அடிக்கிற தமிழ் விசைப்பலகை இருக்கிறது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் அமைப்புக்குள் போய் அந்த விசைப்பலகையையும் சேர்த்தால் போதும். ஃபோனில் 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய விரல்களுக்கு இதைத் தனியாகப் பழக்க வேண்டியதில்லை. கூடவே சிங்களத்தையும் சேர்த்து வைப்பேன். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டி மூன்று மொழிக்கும் மாறலாம். பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி லெப்டொப் வைத்திருக்கிற பிள்ளையிடம் முழு லயமும் வந்து நிற்கப் போகிறது.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு வேறொன்று காட்டுகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போனால் விரிவுரை ஆங்கிலத்தில். விண்டோஸ் 11 இல் விண்டோஸ், கன்ட்ரோல், எல் மூன்றையும் சேர்த்துத் தட்டினால், ஓடுகிற ஒலி எதுவானாலும் அதன் ஆங்கிலச் சொற்கள் திரையில் எழுத்தாக வரும். மொழிக் கோப்பை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் பிறகு டேட்டா வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு, குரோம் உலாவிக்குள் ஓடுகிற ஒலிக்கு மட்டும் இதே வேலையை குரோம் செய்யும். நம் பக்கத்து ஆங்கில உச்சரிப்பில் அது தடுமாறும், ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்பும். ஆனாலும் பதிந்து வைத்த விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, காதில் நழுவிய சொல்லைக் கண்ணால் பிடித்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு தடவை எழுத்தோடு கேட்டால் மூன்றாம் தடவை அதை மூடிவிட்டுக் கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். விரிவுரை மண்டபத்தில் முன்னால் நிற்கிறவருக்குக் கீழே எழுத்து ஓடாதே.